ஏறும் படியை மாற்றுங்கள்: டிரெய்லர் கேரவன் வைத்திருப்பவர்களுக்கு வேலூரிலிருந்து ஒரு வழிகாட்டி

காருக்குப் பின்னால் இழுத்துப் போகும் டிரெய்லர் கேரவனோ, பழைய வேனை மாற்றிக் கட்டிய வீட்டு வண்டியோ, புதிதாக எடுத்தவர்கள் கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி என்று ஒவ்வொன்றையும் பார்த்துப் பார்த்துச் செய்கிறார்கள். ஏறும் படியை மட்டும், கட்டிக் கொடுத்தவர் எப்படி வைத்தாரோ அப்படியே விட்டுவிடுகிறார்கள். ஆனால் ஒரு நாளில் அந்த வண்டியில் அதிகம் மிதிபடுவது அந்தப் படிதான். கையில் காப்பித் தம்ளரோடு இறங்குவோம், ஈரக் காலோடு ஏறுவோம், தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு இருட்டில் கால் தடவி வைப்போம்.

வேலூர்ப் பக்கம் இதில் கூடுதல் அக்கறை வேண்டும். இங்கே வண்டியில் வருபவர்களில் பலர் வயதானவர்கள். ஸ்ரீபுரம், ரத்தினகிரி, திருவண்ணாமலை கிரிவலம் என்று கூட்டிப் போகிறோம். சி.எம்.சி. மருத்துவமனைக்கு வரும் உறவினர்களை ஏற்றி இறக்குகிறோம். முழங்கால் வலிக்காரர் ஒருவர் தயங்காமல் ஏறி இறங்க முடிந்தால்தான் அது நல்ல படி. நான் சொல்வதெல்லாம் அந்த ஒரு அளவுகோலை வைத்துத்தான்.

தொங்கும் படி ஏன் ஆடுகிறது

பெரும்பாலான டிரெய்லர்களில் வருவது கதவுக்கு அடியில் சேஸிஸில், அதாவது வண்டியின் இரும்பு அடிச்சட்டத்தில், போல்ட் போட்டுத் தொங்கவிட்ட மடிப்புப் படி. கையால் இழுத்தால் ஒரு தட்டோ இரண்டு தட்டோ வெளியே வரும். நீங்கள் கால் வைக்கும் இடம் வண்டியின் விளிம்பைத் தாண்டி அரை மீட்டர் தள்ளி இருக்கிறது. கீழே ஊன்றிக்கொள்ள எதுவும் இல்லை. அதனால் உங்கள் எடை முழுவதும் அந்த நான்கு போல்ட்டையும் முறுக்குகிறது. கொஞ்ச நாளில் கீல் ஓட்டைகள் நீள்வட்டமாகத் தேயும். போல்ட் பிடித்திருக்கும் தகடு வளையும். ஒவ்வொரு முறை ஏறும்போதும் வண்டியே அந்தப் பக்கம் சாய்ந்து எழும். உள்ளே படுத்திருப்பவருக்கு யார் ஏறினாலும் தெரியும்.

இதற்கு அமெரிக்காவில் வந்த மாற்றுதான் தரையில் கால் ஊன்றும் படி. லிப்பர்ட் நிறுவனத்தின் 'சாலிட்ஸ்டெப்', மோர்ரைடு நிறுவனத்தின் 'ஸ்டெப் அபவ்' இரண்டும் அந்த வகை. ஓடும்போது மடங்கிக் கதவு நிலைக்குள் நிற்கும், நிறுத்தியதும் வெளியே விரித்தால் கால்கள் தரையைத் தொடும். எடையில் பெரும் பகுதி நேராகத் தரைக்கு இறங்கிவிடுவதால் வண்டி ஆடுவதில்லை. அவை அங்குள்ள கதவு அகலங்களுக்கு ஏற்றபடி வருபவை. நாம் அந்த யோசனையை மட்டும் எடுத்துக்கொண்டு, நம் கதவுக்கு நம்மூர்ப் பட்டறையில் செய்துகொள்ளலாம். ராணிப்பேட்டையில் பெல் (பி.எச்.இ.எல்.) நிறுவனத்துக்கு வேலை செய்து கொடுத்துத் தேர்ந்த வெல்டர்கள் இருக்கும் பகுதி இது. இந்த வேலை அவர்களுக்குப் பெரிய விஷயமே இல்லை.

இன்னொன்றையும் இங்கேயே பார்த்துவிடுங்கள். அமெரிக்காவில் சாலையின் வலப்பக்கம் ஓட்டுகிறார்கள், அதனால் அங்குள்ள டிரெய்லர்களுக்குக் கதவு பெரும்பாலும் வலப்பக்கம். நமக்கு அது லாரி போகும் பக்கம். வெளிநாட்டுப் படத்தைப் பார்த்துக் கட்டிய வண்டியில் கதவு அந்தப் பக்கம் இருந்தால், படியை மாற்றுவதற்கு முன் கதவை இடப்பக்கம் மாற்றுவது பற்றி யோசியுங்கள். பெங்களூர் நெடுஞ்சாலை ஓரத்தில் வண்டி ஓடும் பக்கமாக ஒருவரை இறக்கிவிடுவது ஆபத்து, படி எவ்வளவு நன்றாக இருந்தாலும்.

எந்த வகை செய்வது

புதியவர்களுக்கு நான் சொல்வது கொக்கியில் மாட்டும் படி. கதவுக்குக் கீழே ஒரு குழாய் குறுக்கே நிலையாக இருக்கும். படிச்சட்டத்தின் மேல் முனையில் உள்ள இரண்டு கொக்கிகள் அந்தக் குழாயில் மாட்டும். கீழ் முனையில் நீட்டிக் குறைக்கக்கூடிய இரண்டு கால்கள் தரையில் ஊன்றும். கிளம்பும்போது கழற்றி உள்ளே வைத்துவிடலாம். மடிப்புக் கீல் கிடையாது, தேய்வதற்கு அதிகம் எதுவும் கிடையாது, வண்டியில் நிரந்தரமாகச் சேர்ப்பது அந்த ஒரு குழாய் மட்டும்தான். கதவு நிலைக்குள் மடங்கும் வகை பார்க்க அழகு, ஆனால் கதவு மூடும் இடைவெளி, பூட்டு நாக்கு, உள்ளே இருக்கும் அலமாரி எல்லாம் இடிக்காமல் கணக்குப் போட வேண்டும். அதை இரண்டாவது வண்டிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மோட்டாரில் தானாக நீளும் படியை நான் பரிந்துரைக்க மாட்டேன். சேற்றிலும் மணலிலும் அதன் கியர் சிக்கினால் நடுவழியில் படி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும்.

சக்கர நாற்காலிக்காரர் இருந்தால் சாய்தளம் போடலாமா என்று கேட்பார்கள். 1-க்கு 12 என்பது பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட சரிவு. வண்டித் தரை 72 செ.மீ. உயரம் என்றால் சாய்தளம் 8.64 மீட்டர் நீளம் வேண்டும். டிரெய்லரே அவ்வளவு நீளம் இருக்காது. அவர்களுக்குத் தனியாக லிஃப்ட் வைப்பதுதான் வழி. படியோடு அதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

அளவு எடுப்பது

இந்த வேலையின் முக்கால் பங்கு இங்கேதான் இருக்கிறது. பட்டறைக்குப் போகும் அவசரத்தில் இதைக் குறைத்துக்கொள்ளாதீர்கள்.

வண்டியைச் சமமான சிமென்ட் தரையில் நிறுத்துங்கள். சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை கொடுங்கள். டிரெய்லர் என்றால் முன் ஜாக்கியைத் திருகி, உள்தரையில் ரசமட்டம் வைத்துச் சமமாக்குங்கள். தண்ணீர்த் தொட்டியை நிரப்புங்கள். 100 லிட்டர் தண்ணீர் என்றால் 100 கிலோ, அதற்கே வண்டி நன்றாக இறங்கும். பயணத்தில் என்னென்ன சாமான் இருக்குமோ அதையும் ஏற்றிவிடுங்கள். காலி வண்டியில் எடுத்த அளவு பயணத்தன்று பொருந்தாது.

இப்போது கதவு வாசலின் உள்தரையிலிருந்து நிலம் வரை அளந்துகொள்ளுங்கள். 72 செ.மீ. வந்தது என்று வைத்துக்கொள்வோம். இதைச் சமமான ஏற்றங்களாகப் பிரிக்க வேண்டும். நாலால் வகுத்தால் ஒவ்வொன்றும் 18 செ.மீ. கடைசி ஏற்றம் வண்டித் தரையிலேயே முடிவதால், உங்களுக்கு வேண்டியது மூன்று தட்டு: நிலத்திலிருந்து 18, 36, 54 செ.மீ. உயரங்களில். மூன்றால் வகுத்தால் ஏற்றம் 24 செ.மீ. ஆகிவிடும், முழங்காலுக்கு ஆகாது. வீட்டுப் படிகளுக்கே தேசியக் கட்டட விதித்தொகுப்பு அதிகபட்சமாகச் சொல்வது 19 செ.மீ. நமக்கு 15 முதல் 18-க்குள் இருந்தால் நல்லது.

உயரத்தைவிட முக்கியம், எல்லா ஏற்றமும் ஒன்றாக இருப்பது. முதல் இரண்டு படி ஏறியதும் கால் அந்த உயரத்தைப் பழகிக்கொள்ளும். மூன்றாவது மட்டும் ஐந்து செ.மீ. கூடுதல் என்றால் அங்கேதான் கால் தடுக்கும். பெரும்பாலான வண்டிகளில் கடைசி ஏற்றம், அதாவது மேல் தட்டிலிருந்து வண்டிக்குள் போவது, மற்றவற்றைவிட உயரமாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். வாசலில் இருக்கும் பீடிங்கையும் மிதியடியையும் கணக்கில் சேர்க்காமல் விட்டதன் விளைவு அது. அவற்றோடு சேர்த்தே அளந்துகொள்ளுங்கள்.

தட்டின் ஆழம் 25 செ.மீ. இருந்தால் முழுப் பாதமும் உட்காரும். ஒவ்வொரு தட்டும் அதற்கு மேலுள்ளதைவிட 22 செ.மீ. வெளியே தள்ளி இருக்கட்டும். அப்போது மூன்று தட்டும் சேர்ந்து வண்டியிலிருந்து 69 செ.மீ. வெளியே வரும். அகலம் கதவின் குறுகலான இடத்தைவிடக் கொஞ்சம் குறைவாக, 55 முதல் 60 செ.மீ. போதும். கதவு வெளியே திறக்கும் வகை என்றால் அதை முழுவதும் வீசித் திறந்து பாருங்கள். கதவின் கீழ் விளிம்பு மேல் தட்டைத் தொடக் கூடாது. குனிந்து அடியிலும் பாருங்கள்: குழாய் மாட்டப்போகும் இடத்தில் பிரேக் லைன், கேஸ் குழாய், ஒயர் ஏதாவது ஓடுகிறதா என்று. ஓடினால் ஒரு துண்டு சாக்பீஸால் சேஸிஸிலேயே குறி போட்டுவிடுங்கள்.

ஹாலோ பிளாக்கில் ஒத்திகை

பணம் செலவழிப்பதற்கு முன் இதைச் செய்தே ஆக வேண்டும். கட்டட வேலை நடக்கும் இடத்திலிருந்து சில ஹாலோ பிளாக் கேட்டு வாங்கி வாருங்கள். ஆறு அங்குல பிளாக், எட்டு அங்குல பிளாக் இரண்டும் வேண்டும். ஒன்று சுமார் 15 செ.மீ., மற்றது 20 செ.மீ. அவற்றைக் கதவுக்கு முன் படி போல அடுக்கி, மேலே பலகை போட்டு, வீட்டில் வயதில் மூத்தவரை ஏறி இறங்கச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்தில் கை கொடுக்கத் தயாராக நில்லுங்கள்.

ஏறுவதை மட்டும் பார்த்தால் போதாது, இறங்குவதையும் பாருங்கள். எந்தக் கால் முதலில் வருகிறது, கை எதைப் பிடிக்கத் தேடுகிறது, உடம்பைப் பக்கவாட்டில் திருப்பிக்கொள்கிறாரா? பக்கவாட்டில் திரும்பினால் தட்டின் ஆழம் அவருக்குப் போதவில்லை. கை கதவின் பிடியைத் தேடினால், கைப்பிடிக் கம்பி எந்தப் பக்கம் வர வேண்டும் என்று அவரே காட்டிவிட்டார். 15 செ.மீ. ஏற்றத்துக்கும் 20 செ.மீ. ஏற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் அவர் முகத்திலேயே தெரியும். அவர் 18-ஐ ஏற மறுத்தால், ஏற்றத்தைக் குறைத்துத் தட்டின் எண்ணிக்கையைக் கூட்டுங்கள். 72-ஐ ஐந்தால் வகுத்தால் 14.4 செ.மீ., நான்கு தட்டு. படி இன்னும் கொஞ்சம் நீளும், அவ்வளவுதான்.

என்ன பொருளில் செய்வது

இரும்பா அலுமினியமா என்ற கேள்வி வரும். 60-க்கு 25 செ.மீ. அளவில் 3 மி.மீ. தகடு ஒன்று இரும்பில் சுமார் மூன்றரைக் கிலோ, அலுமினியத்தில் 1.2 கிலோ. ஒவ்வொரு முறையும் தூக்கி மாட்டும் படி என்பதால் எடை முக்கியம். ஆனால் அலுமினியத்தை ஒட்ட ஆர்கான் வெல்டிங் வேண்டும், எல்லாப் பட்டறையிலும் அது இருக்காது. நான் சொல்லும் நடுவழி: பக்கச் சட்டங்களும் கால்களும் இரும்பு, தட்டுகள் அலுமினியம், தட்டைச் சட்டத்தில் போல்ட் போட்டுப் பொருத்துவது. தட்டு நெளிந்தால் அதை மட்டும் கழற்றி மாற்றிக்கொள்ளவும் முடியும்.

அலுமினியமும் இரும்பும் நேரடியாகத் தொட்டுக்கொண்டு ஈரமும் சேர்ந்தால், அலுமினியம் அந்த இடத்தில் அரித்து வெள்ளைப் பொடியாக உதிரும். அதனால் பட்டறையில் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: "பாய், தட்டு மட்டும் அலுமினியம், சட்டம் இரும்பு. ரெண்டும் சேர்ற எடத்துல பெயின்ட் அடிச்சு, நடுவுல நைலான் வாஷர் போட்டுடுங்க." "எதுக்குபா அவ்ளோ வேலை, எல்லாம் இரும்புலயே வெல்டு வெச்சுடலாம்" என்று பதில் வரும். மரியாதையாக, ஆனால் விடாமல் கேளுங்கள். நாளைக்கு அந்தப் படியைத் தூக்கப்போவது நீங்கள்.

தட்டுக்குச் செக்கர் பிளேட், அதாவது வழுக்காமல் இருக்க மேலே வரிகள் எழுப்பிய தகடு, நல்லது. வலைத் தகடு சேறு தங்காமல் விழுந்துவிடும் என்று சிலர் அதைப் போடுகிறார்கள். நம் வீடுகளுக்கு அது ஒத்துவராது. மெட்டியும் கொலுசும் ஓட்டையில் மாட்டும், புடவைக் கரை சிக்கும், வெறுங்காலுக்கு உறுத்தும். செக்கர் பிளேட்டில் ஆங்காங்கே 8 மி.மீ. துளை போட்டால் தண்ணீர் வடியப் போதும். தட்டின் முன்விளிம்பைக் கீழ்நோக்கி 4 செ.மீ. மடித்துவிடச் சொல்லுங்கள். அந்த மடிப்புத்தான் தட்டு வளையாமல் காக்கும், காலில் கிழிக்கும் கூர்முனையும் போய்விடும். துருத்தும் போல்ட் முனைகளுக்குத் தொப்பி நட்டு போடுங்கள்.

வெயிலை மறக்கக் கூடாது. கத்திரியில் வேலூர் 40 டிகிரியைத் தாண்டும் ஊர். கோயிலுக்குப் போய் வெறுங்காலோடு திரும்புபவர்களுக்குக் கறுப்பு உலோகத் தட்டு அடுப்புக்கல். கறுப்பு கிரிப் டேப்பை முழுவதும் ஒட்டாமல், தட்டைச் சாம்பல் அல்லது வெளிர் நிறத்தில் விட்டு, மேலே வரிவரியான ரப்பர் தகடு பொருத்துங்கள். ஆம்பூர்ப் பக்கம் ஷூ, செருப்புத் தொழிலுக்காக அடிரப்பர் விற்கும் கடைகளில் நல்ல கெட்டியான தகடு கிடைக்கும். மெத்தென்று இருக்கும் ரப்பர் வேண்டாம், சீக்கிரம் தேய்ந்து வழுக்கும். பசை மட்டும் போட்டால் வெயிலில் இளகி ஓரம் தூக்கிக்கொள்ளும். நான்கு மூலையிலும் ரிவெட் அடித்துவிடுங்கள். முன்விளிம்பில் மட்டும் இரண்டு விரல் அகலத்துக்கு மஞ்சள் பட்டை ஒட்டினால் பார்வை மங்கியவர்களுக்குத் தட்டு எங்கே முடிகிறது என்று தெரியும்.

சட்டம், கால், கொக்கி

பக்கச் சட்டத்துக்கு 50-க்கு 25 மி.மீ. இரும்புச் செவ்வகக் குழாய், 2 மி.மீ. கனம். இரண்டு சட்டமும் ஒரே சாய்வில் இருக்க, தரையில் சாக்பீஸால் முழு அளவில் படம் வரைந்து அதன் மேலேயே வைத்து ஒட்டுவது நல்ல பழக்கம். முதலில் அங்கங்கே பொட்டு மட்டும் வைத்து, வண்டிக்குப் பக்கத்தில் கொண்டு போய் மாட்டிப் பார்த்து, தட்டு மூன்றிலும் ரசமட்டம் சரியாக நிற்கிறதா என்று பார்த்த பிறகு முழு வெல்டு. இந்த வரிசையை மாற்றாதீர்கள். முழு வெல்டு வைத்த பிறகு ஒரு செ.மீ. தவறைத் திருத்துவது புதிதாகச் செய்வதைவிடக் கஷ்டம்.

கால்கள் கீழ்த்தட்டுக்கு நேர் கீழே செங்குத்தாக நிற்க வேண்டும். 30 மி.மீ. சதுரக் குழாய்க்குள் 25 மி.மீ. குழாய் நழுவி இறங்கும். உள்குழாயில் 20 மி.மீ. இடைவெளியில் துளைகள், குறுக்கே 10 மி.மீ. முளை, முளை விழாமல் இருக்க ஆர் (R) வடிவக் கம்பிக் கிளிப். இரண்டு காலின் வெளிக்குழாயையும் சேர்த்து ஒரு குறுக்குப் பட்டி கொடுத்தால் பக்கவாட்டு ஆட்டம் போகும். அடியில் 10-க்கு 10 செ.மீ. தகடு, அதற்கும் கீழே ரப்பர்.

கொக்கிகளை 8 மி.மீ. பட்டை இரும்பில் செய்யுங்கள். அவை குழாயின் பாதிச் சுற்றளவைத் தாண்டி வளைந்து பிடிக்க வேண்டும். அதோடு ஒரு கொக்கியில் மட்டும் குறுக்கே பூட்டு முளை போடத் துளை வைத்துக்கொள்ளுங்கள். யாராவது கீழ்த்தட்டின் நுனியில் மிதித்தால் மேல் முனை எகிற முயலும். அந்த முளை இருந்தால் எகிறாது. இதை விட்டுவிட்டுப் படி செய்வதில் அர்த்தமே இல்லை.

வண்டியில் குழாயைப் பொருத்துவது

குறுக்குக் குழாய் ஒரு அங்குல அளவில், கனமான ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய். அதன் இரு முனையிலும் 6 மி.மீ. தகட்டில் தாங்கி. தாங்கியைச் சேஸிஸிலோ, சேஸிஸிலிருந்து வெளியே வரும் குறுக்குச் சட்டத்திலோ போல்ட் போட வேண்டும். கதவுக்கு அடியில் உள்ள பிளைவுட்டிலோ பக்கத் தகட்டிலோ போடக் கூடாது, அவை எடை தாங்கக் கட்டப்பட்டவை அல்ல. கதவுக்குக் கீழே பிடிக்க எதுவும் இல்லையென்றால், இரண்டு குறுக்குச் சட்டங்களுக்கு நடுவே 50-க்கு 50 மி.மீ. ஆங்கிள் ஒன்றைக் கொடுத்து அதில் மாட்டுங்கள். போல்ட் 10 மி.மீ., 8.8 தரம் என்று தலையில் எண் இருக்கும். ஒரு தாங்கிக்கு இரண்டு, பின்பக்கம் கனத் தகடு, அதிர்வில் தளராத நைலாக் நட்டு. டார்க் ஸ்பேனர் இருந்தால் 45 நியூட்டன் மீட்டர் அளவுக்கு முறுக்குங்கள்.

முடிந்தவரை வண்டியில் வெல்டிங் வைக்காதீர்கள். வைத்தே ஆக வேண்டுமென்றால் பேட்டரியின் இரு முனையையும் கழற்றுங்கள், கேஸ் சிலிண்டரை வண்டியிலிருந்து இறக்கித் தூரமாக வையுங்கள். கேரவன் சுவருக்குள் இருக்கும் தெர்மாகோல், பஃப் (PUF) நுரை போன்ற வெப்பத் தடுப்புகள் தீப்பொறிக்கு உடனே பிடிக்கும், வெளியே தெரியாமல் உள்ளே புகையும். ஈரச் சாக்கு மறைத்து, தீயணைப்பானைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்து, வேலை முடிந்த பிறகும் ஒரு மணி நேரம் பக்கத்திலேயே இருங்கள். ஜி.ஐ. குழாயை வெல்டு வைக்கும் முன் அதன் துத்தநாகப் பூச்சைக் கிரைண்டரால் எடுத்துவிட வேண்டும். அந்த வெள்ளைப் புகையைச் சுவாசித்தால் காய்ச்சல் வரும். வெல்டு வைத்த இடத்துக்குத் துத்தநாகப் பெயின்ட், மற்ற இரும்புக்கு ரெட் ஆக்சைடும் அதன் மேல் எனாமலும். நம் ஊரில் கடல் காற்று இல்லாததால் இது நன்றாகவே தாங்கும்.

குழாயும் தாங்கியும் வண்டியின் பக்க விளிம்பைத் தாண்டி வெளியே வரக் கூடாது. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 வண்டியின் பதிவு விவரங்கள் மாறும்படியான மாற்றங்களைத் தடுக்கிறது. ஓடும்போது எதுவும் நீட்டிக்கொண்டிருக்காத, கழற்றி வைக்கும் படியைத் தேர்ந்தெடுத்ததற்கு இதுவும் ஒரு காரணம். சந்தேகம் இருந்தால் எஃப்.சி.க்கு (வண்டியின் தகுதிச் சான்றுக்கு) போகும்போது ஆர்.டி.ஓ. அலுவலக வாகன ஆய்வாளரிடமே கேட்டுவிடுங்கள்.

மூட்டை வைத்துச் சோதனை

மனிதர்கள் ஏறும் முன் சிமென்ட் மூட்டை ஏறட்டும். ஒரு மூட்டை 50 கிலோ. ஒரு தட்டில் ஒன்றன் மேல் ஒன்றாக மூன்று, ஆக 150 கிலோ. கால் மணி நேரம் விடுங்கள். வைக்கும் முன்னும் எடுத்த பிறகும் தட்டின் நடுவிலிருந்து தரை வரை அளந்து ஒப்பிடுங்கள். எடை இருக்கும்போது சிறிது தாழ்வது இயல்பு. எடுத்த பிறகு பழைய அளவுக்குத் திரும்பாவிட்டால் ஏதோ வளைந்துவிட்டது, அந்தத் தட்டுக்கு அடியில் ஒரு பட்டி கூடுதலாகக் கொடுக்க வேண்டும். மூன்று தட்டுக்கும் தனித்தனியாகச் செய்யுங்கள். 150 கிலோ அதிகம் என்று பட்டறையில் சொல்வார்கள். 75 கிலோ ஆள் திடீரென்று எடையைப் போட்டாலே படி வாங்குவது அதைப்போல இரண்டு மடங்கு. பிள்ளைகள் குதித்து இறங்குவார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கைப்பிடி, விளக்கு

கைப்பிடி இல்லாத படியை முடிந்த வேலையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கதவு நிலையின் பக்கத்தில் செங்குத்தான கம்பி ஒன்று, படிச்சட்டத்தில் சாய்வாக ஒன்று. குழாய் 32 முதல் 38 மி.மீ. விட்டம் இருந்தால் பிடி நிற்கும், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்றால் நல்லது. தட்டின் முன்விளிம்பிலிருந்து 85 முதல் 90 செ.மீ. உயரம். கதவு நிலையில் மாட்டும் கம்பியை உள்பக்கம் தகடு கொடுத்துப் போல்ட் போடுங்கள். வெறும் திருகாணியில் மாட்டினால், தடுமாறுபவர் பிடிக்கும் அந்த நேரத்தில்தான் கையோடு வரும்.

விளக்குக்கு 12 வோல்ட் எல்.இ.டி. பட்டை, சிறிய ஃபியூஸ், கதவுக்கு உள்ளே கையெட்டும் சுவிட்ச். ஒளி தட்டின் மேல் விழ வேண்டும், கண்ணில் அடிக்கக் கூடாது. ஜவ்வாது மலையில் காவலூர்ப் பக்கம் தங்கப் போகிறவர்கள் மங்கிய சிவப்பு விளக்கு ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வைணு பாப்பு வானாய்வகம் அங்கே அமைந்ததற்கு இருட்டான வானமும் ஒரு காரணம். சிவப்பு வெளிச்சத்தில் கண் இருட்டுக்குப் பழகியது கெடாது, படியும் தெரியும்.

இடத்துக்கு இடம் மாட்டும் முறை

வண்டியை நிறுத்தியதும் நேராகப் படியை மாட்டாதீர்கள். சக்கரத்துக்குக் கட்டை, பிறகு வண்டியைச் சமமாக்குவது, பிறகு மூலைத் தாங்கிகளை இறக்குவது, கடைசியில்தான் படி. முதலிலேயே மாட்டிவிட்டு, அப்புறம் எல்லாரும் உள்ளே ஏறினால் ஸ்பிரிங் அமுங்கி வண்டி இறங்கும், கால் தரையில் முட்டி, படியே வண்டியைத் தாங்கத் தொடங்கும். கொக்கியும் தாங்கியும் கெடுவது அப்படித்தான்.

மாட்டிய பிறகு நடுத் தட்டில் ரசமட்டம் வைத்து, கால்களை நீட்டியோ குறைத்தோ சரிசெய்யுங்கள். இரண்டு காலும் தனித்தனியாக நீளக்கூடியவை என்பதால் பக்கச் சரிவையும் சமாளிக்கலாம். சரியான உயரம் இரண்டு துளைகளுக்கு இடையில் விழுந்தால் அடியில் ஒரு பலகைத் துண்டு. பாலாற்று ஓர மணலில் நிறுத்தினால் கால் ஒவ்வொரு மிதிக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் புதையும். இரண்டு காலுக்கும் சேர்த்து ஒரே அகலப் பலகை போடுங்கள். ஏலகிரியில் கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் போய் நிறுத்துகிற இடம் பெரும்பாலும் சரிவாகத்தான் இருக்கும். கதவு இருக்கும் பக்கம் மேடாக வரும்படி வண்டியைத் திருப்பி நிறுத்தினால் முதல் ஏற்றம் குறையும். பள்ளத்துப் பக்கம் கதவு வந்தால் முதல் ஏற்றம் முப்பது செ.மீ.கூட ஆகிவிடும்.

கிளம்பும்போது படியை உள்ளே வைத்து, ஆடாமல் பெல்ட் போட்டுக் கட்டுங்கள். ஒரு சிவப்புத் துணியைப் படியோடு வைத்திருங்கள். படி வெளியே இருக்கும்போதெல்லாம் அந்தத் துணி ஸ்டியரிங்கில் கட்டியிருக்கட்டும், படி உள்ளே வந்த பிறகுதான் அவிழ்க்க வேண்டும். ஓட்டுபவர் ஒருவர், படியை எடுப்பவர் வேறொருவர் என்றிருக்கும் குடும்பங்களுக்கு இது கட்டாயம்.

மாதம் ஒருமுறை நட்டுகளைத் தட்டிப் பாருங்கள், கொக்கியின் வெல்டு ஓரத்தில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். இருந்தால் மேலே பூசி மறைக்காமல் அரைத்து எடுத்துப் புதிதாக வெல்டு வைக்க வேண்டும். நீளும் கால்களுக்குக் கிரீஸ் வேண்டாம், மணல் அதில் ஒட்டி அரைக்கும். கிராஃபைட் பொடி போடுங்கள். ரப்பர் தகட்டின் வரிகள் தேய்ந்து வழவழப்பானதும், நன்றாகத்தானே இருக்கிறது என்று விடாமல், மழைக்காலம் தொடங்கும் ஐப்பசிக்கு முன்பே மாற்றிவிடுங்கள்.